ஹாங்காங்: 1971-க்கு முந்தைய சீனத் திருமணங்களும் விவாகரத்தும் (அனுபவப் பகிர்வு)

பதிவு 1

இப்படிப்பட்ட விவாகரத்து வழக்கின் ஆவணக் கோப்பைத் திறந்ததும் தேட வேண்டியது ஒரு தேதி: 7 அக்டோபர் 1971. திருமணச் சீர்திருத்தச் சட்டம் (அத்தியாயம் 178) அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஹாங்காங்கில் சடங்கு மட்டும் நடத்தி முடித்த கல்யாணம் செல்லாது.

முந்தியவற்றில் இரண்டு வகை அடிக்கடி குழம்பும். பல்லக்கு, பெரியவர்களுக்குத் தேநீர், முன்னோர் பலகை முன் வணக்கம் என்று நடந்தது வழக்காற்றுத் திருமணம். விருந்து மண்டபத்தில் ஊரறிய, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட நடந்தது ‘நவீனத் திருமணம்’. இது சீனக் குடியரசின் 1931 குடும்பச் சட்ட பாணி. பிரிட்டிஷ் காலனியான ஹாங்காங்கோ 1843-இல் இருந்த சிங் வம்சச் சட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரவர்த்தி 1912-இல் முடிதுறந்தார். அவருடைய சட்டம் பிரிட்டிஷ் கொடியின் கீழ் இன்னும் 59 வருஷம் குடித்தனம் நடத்தியது! அதனால் நவீனத் தம்பதிகள் சட்டத்தின் கண்ணில் தம்பதிகளே அல்ல. இருவருக்கும் 16 நிரம்பி, வேறு துணை இல்லாதிருந்தால் அந்தத் திருமணம் செல்லும் என்று 1971 சட்டம்தான் சரிசெய்தது.

மறுமொழி 1

பழைய வழக்கில் கணவன் மனைவியைத் தள்ளி வைக்க ஏழு காரணங்கள் உண்டு. மனைவிக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டால் சீட்டு எழுதிப் பிரியலாம்.

1971-க்குப் பின்னும் வழக்காற்றுத் திருமணத்தை ஒப்பந்தத்தால் முறிக்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன்பே, அதற்கென நியமிக்கப்பட்ட அரசு அதிகாரி இருவரையும் நேரில் விசாரித்து, மனமொப்பித்தான் பிரிகிறார்கள் என்று சான்று தரவேண்டும். பிறகே ஒருவர் முன் ஒருவராக, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து. அதிகாரியை விட்டுவிட்டு மாமன் மச்சானைச் சாட்சி வைத்து எழுதிய தாள்தான் பெரிய தலைவலி. அதை நம்பிப் பதிவாளரிடம் மறுமணம் செய்தால் அந்த மறுமணம் நிற்காது.

மறுமொழி 2

நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் அதிகார வரம்பையும் பார்க்கவேண்டும். விவாகரத்து வழக்குகளுக்கான சட்டத்தின்படி (அத்தியாயம் 179), இருவரில் ஒருவர் மனு நாளில் ஹாங்காங்கை நிரந்தர வாசஸ்தலமாக (domicile, ஒருவரின் நிலையான தாயகம் என்று சட்டம் கொள்ளும் இடம்) கொண்டிருக்கவேண்டும். அல்லது அதற்கு முந்தைய 3 ஆண்டு முழுதும் வழக்கமாக அங்கே வசித்திருக்கவேண்டும். அல்லது ஊரோடு கணிசமான தொடர்பு இருக்கவேண்டும். கடைசியதில்தான் சண்டை. அடையாள அட்டையை மட்டும் நீட்டினால் போதாது. வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று வாழ்க்கை எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதுவும் மனு நாளன்று.

2009 மார்ச் 1 வரை மனைவியின் வாசஸ்தலம் கணவனுடையதையே பின்தொடர்ந்தது. ஓடிப்போன கணவன் வேறு நாட்டில் வேரூன்றினால் அவளுடைய வாசஸ்தலமும் அங்கே போய்விடும். மற்ற இரண்டு வழிகளின் அருமை அங்கேதான் தெரிந்தது.

மறுமொழி 3

இளையாளை மறந்துவிடாதீர்கள். 7 அக்டோபர் 1971-க்குப் பின் யாரும் இளையாள் ஆக முடியாது. முன்பே ஆனவரின் நிலையும் அவர் பிள்ளைகளின் உரிமையும் அப்படியே உண்டு. நிரூபிக்க வேண்டியவை: மூத்தாள் ஏற்றது, குடும்பம் பொதுவாக அங்கீகரித்தது. மூத்தாளுக்குத் தேநீர் கொடுத்ததைக் கண்டவர் கிடைத்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

பழைய திருமணத்தைப் பின்னாளில் பதியவும் வழி உண்டு. துணை மறுத்தாலோ இறந்திருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்கிப் பதியலாம்.

மறுமொழி 4

ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டமாக்குவதில் சிங்கப்பூர் பத்து வருஷம் முந்திக்கொண்டது. அதன் திருமணச் சட்டமான மகளிர் சாசனம் 15 செப்டம்பர் 1961-இல் அமலானது. முஸ்லிம்கள் தவிர, அங்குள்ள தமிழ் இந்துக்கள் உட்பட எல்லாருக்கும் அன்றோடு இரண்டாம் தாரம் முடிந்தது.