ரிமோட் ஏரியா போஸ்டிங்: முதல்ல என்ன ட்ரெய்னிங் எடுக்கணும்?

கேள்வி:
எம்பிபிஎஸ் முடிச்சு நேரா ஒரு ஒதுக்குப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போறேன், ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, ரெஃபர் பண்ணாலும் ஆம்புலன்ஸ் வர பல மணி நேரம். எதை முதல்ல கத்துக்கறது?

பதில் 1:
பிரசவம்தான், வேற பேச்சே இல்ல. குழந்தை அழலன்னா முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள பேக் மாஸ்க் (முகமூடியோட இருக்கற, கையால அமுக்கற காத்துப் பை) வச்சு மூச்சு குடுக்க ஆரம்பிக்கணும், அம்மாவுக்கு ரத்தப்போக்கு வராம இருக்க குழந்தை பிறந்த உடனே ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட், பிரசவ ஃபிட்ஸ்னா மக்னீசியம் சல்ஃபேட். ஆக்ஸிடோசின் 2-8 டிகிரில இருக்கணும், அதனால ஃப்ரிட்ஜையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க (இத யாரும் சொல்லித் தரமாட்டாங்க).

பதில் 2:
ஒரு தடவ ட்ரெய்னிங் போனா பத்தாது, கொஞ்ச மாசத்துல கை மறந்துடும். ட்ரெய்னிங் பொம்மைய வச்சு நர்ஸோட அடிக்கடி பண்ணிப் பாருங்க.

கேட்டவர்:
அங்க ஒரே ஒரு நர்ஸ்தான் சார்.

பதில் 2:
அப்போ அவங்ககிட்டயே கத்துக்கோங்க, நம்மள விட அதிகமா பிரசவம் பாத்திருப்பாங்க.