புதுப்பிப்பு: பாப்பாவோட கொட்டுக்கு (கம்பி வச்ச குழந்தைக் கட்டில்) பம்பர் கட்டலாமான்னு கேட்டிருந்தேன்ல

போன மாசம் கேட்டேனே, நுவரெலியா குளிருக்கு கம்பி வழியா காத்து அடிக்கும்னு மாமி ஆசையா வாங்கிட்டு வந்த பஞ்சு பம்பர், அதான் கம்பிக்கு உள்பக்கமா சுத்திக் கட்டுற பஞ்சுத் தடுப்பு, கட்டவா வேணாமான்னு. கழட்டிட்டேன்.

பாதி பேர் வேணாம்னீங்க, பாதி பேர் ஒன்னும் ஆகாதுன்னீங்க, நானும் மாமி மனசு நோகும்னு ஒரு வாரம் கட்டித்தான் வச்சேன். ஒருநாள் விடியக்காலைல எழும்பி பார்த்தா பாப்பா நகந்து போயி மூக்கை அந்த பஞ்சுல அமுக்கிக்கிட்டு படுத்திருக்கா, மூச்சு பட்ட எடத்துல துணி ஈரமா இருந்துச்சு. எனக்கு கை கால் உதறிருச்சு.

கிளினிக்ல மிட்வைஃப் மிஸ்கிட்ட சொன்னா, கொட்டுக்குள்ள மெத்தையும் இறுக்கமான விரிப்பும் போதும், மல்லாக்க படுக்க வைங்கன்னாங்க. தேடிப் பார்த்தா அமெரிக்காவுல குழந்தை டாக்டர்மார் சங்கம் 2011லயே பம்பர் வேணாம்னு சொல்லி, 2022ல விக்கக்கூடாதுன்னு சட்டமே வந்திருக்கு.

தலை மாட்டிக்குமேன்னு பயந்தவங்களுக்கு: கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாதாம். அடிமட்டம் வச்சு அளந்தேன், எங்களது 5.5. கால் வெளிய நீட்டிக்கிட்டு அழுவா, எடுத்து உள்ள விட்டுறலாம், அவ்ளோதான்.

குளிருக்கு கட்டிலை ஜன்னல் பக்கத்துல இருந்து தள்ளி வச்சு, போர்வைக்கு பதிலா பெனியனுக்கு மேல கால் மூடுன சூட் போடுறேன். மாமி ரெண்டு நாள் பேசல. இப்ப அந்த பம்பரை மடிச்சு முதுகுக்கு வச்சுக்கிட்டுத்தான் டிவி பாக்குறாங்க.