மர ஈரப்பத மீட்டர்: ஊசி உள்ளதா, இல்லாததா?

வணக்கம். 25 முதல் 50 மி.மீ. தடிமனுள்ள தேக்கு, மாமரப் பலகைகளுக்கு ஈரப்பத மீட்டர் வாங்க வேண்டும். பயன்படுத்தியவர்கள் வழிகாட்டுங்கள்.

ஊசி மீட்டர் மரத்தின் மின்தடையை அளக்கிறது. ஏறத்தாழ 6 முதல் 30 சதவீதம் வரைதான் அதன் எண்ணை நம்பலாம். குட்டை ஊசி மேற்பரப்பைத் தாண்டாது என்பதுதான் பெரிய சிக்கல். வெளியே 10, உள்ளே 16 என்றிருக்கும் பலகை அறுத்து இழைத்தபின் கோணிவிடும். அதனால் நுனி தவிர மற்ற பகுதியெல்லாம் காப்பிடப்பட்ட நீள ஊசியும், அதை அடித்து இறக்கும் சுத்தியல் பிடியும் உள்ள மாடலையே மனம் நாடுகிறது. கடினமான மரத்தில் அந்த ஊசி வளைகிறதா? மாற்று ஊசி தனியாகக் கிடைக்கிறதா?

ஊசியில்லா மீட்டர் வேகமானது, துளையும் விழாது. ஆனால் மரத்தின் அடர்த்தியைச் சரியாகக் கொடுக்காவிட்டால் எண் தவறிவிடும். 20 மி.மீ. ஆழம் பார்க்கும் கருவியில் 12 மி.மீ. பலகையை வைத்தால் கீழே இருக்கும் மேசையும் கணக்கில் சேரும்.

பல ஊசி மீட்டர்களின் அளவுகோல் டக்ளஸ் ஃபிர் என்ற வட அமெரிக்க ஊசியிலை மரத்துக்கானது. தேக்குக்கும் மாமரத்துக்கும் திருத்த அட்டவணை தரும் மாடல் எது? வெப்பநிலைத் திருத்தமும் வேண்டும். வெயிலில் சூடேறிய பலகை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

துண்டு வெட்டி 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி, குறைந்த எடையிலிருந்து உண்மையான ஈரப்பதத்தைக் கணக்கிட்டு, மீட்டரோடு ஒப்பிட்டவர்கள் இருந்தால், மாடல் பெயரோடு எத்தனை சதவீதம் விலகியது என்று சொல்லுங்கள்.