சோம்நாத் சட்டர்ஜி செய்தது நியாயமா, துரோகமா?

பின்வரிசை:
மக்களவைக்குப் பத்து முறை தேர்வானவர் சோம்நாத் சட்டர்ஜி. 1984 தேர்தலில் ஜாதவ்பூரில் மம்தாவிடம் தோற்றதால் வந்த சின்ன இடைவெளி தவிர, 1971 முதல் 2009 வரை உள்ளேயேதான் இருந்தார். 2004 முதல் சபாநாயகர். அப்படிப்பட்டவரை 2008 ஜூலை 23 அன்று மார்க்சிஸ்ட் கட்சி நீக்கியது. சபாநாயகர் நாற்காலியை விட்டு இறங்க மறுத்தாராம். தப்பு கட்சிமேல்தான் என்பேன்.

செந்துண்டு:
பாதிக் கதையைச் சொல்லாதீங்க தோழர். அமெரிக்காவோட அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் அரசுக்கான ஆதரவை வாபஸ் வாங்கினாங்க. நம்பிக்கை வாக்கெடுப்பு வந்துச்சு, கட்சி எம்.பி. ஒவ்வொருத்தரும் அரசை எதிர்த்து ஓட்டுப் போட வேண்டிய நேரம். 1984ல தோத்தவரை அடுத்த வருஷமே போல்பூர் இடைத்தேர்தல்ல நிறுத்தி ஜெயிக்க வெச்சது யாரு? சுவரெழுதின தொண்டன். கஷ்டம் வந்தப்ப மட்டும் 'நான் கட்சிக்கு அப்பாற்பட்டவன்'னா?

வாய்தா:
வக்கீல் புத்தி, கணக்குப் பார்ப்போம். அரசுக்கு ஆதரவு 275, எதிர்ப்பு 256. அவர் இறங்கி வந்து ஓட்டுப் போட்டிருந்தால் 257. கவிழ்ந்திருக்குமா? சபாநாயகர் இருக்கையில் இருப்பவருக்கு இரு பக்கமும் சமமானால்தான் ஓட்டே. ஆதரவை வாபஸ் வாங்கும் எம்.பி.க்கள் என்று ஜனாதிபதியிடம் கொடுத்த பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தார்கள் பாருங்கள், அதுதான் அபத்தம். அம்பயரை பேட்டிங் வரிசையில் எழுதுவது போல.

செந்துண்டு:
அம்பயர்னா அம்பயர் மாதிரி இருக்கணும். 1967ல சஞ்சீவ ரெட்டி சபாநாயகர் ஆனதும் காங்கிரஸ்ல இருந்தே விலகினார். கட்சித்தாவல் தடைச் சட்டத்துலயும் சபாநாயகர் அப்படி விலகினா பதவி போகாதுன்னு விலக்கு இருக்கு. 2004லயே இவர் அதைச் செஞ்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. நாலு வருஷம் உறுப்பினர் அட்டையைப் பையில வெச்சுக்கிட்டு, ஐஞ்சாவது வருஷம் நடுநிலையா?

வாய்தா:
இது நல்ல அடி. பதில் யோசிக்கணும்.

மாடத்துக்காரன்:
இடையில் ஒரு வம்பு: இவர் அப்பா நிர்மல் சந்திர சட்டர்ஜி இந்து மகாசபைத் தலைவர்! அந்த வீட்டில் யாரும் யார் கோட்டிலும் நடந்ததில்லை போல.

பின்வரிசை:
கட்சி அட்டை இருந்ததால் நாற்காலி சாய்ந்ததா, அதைச் சொல்லுங்கள். அவையில் கேள்வி கேட்க எம்.பி.க்கள் காசு வாங்கிய விவகாரம் 2005 டிசம்பர் 12 அன்று டி.வி.யில் வந்தது. 23ஆம் தேதிக்குள் பத்து மக்களவை உறுப்பினர்கள் வெளியே. கமிட்டி, அறிக்கை, தீர்மானம் எல்லாம் பதினோரு நாளில்! நீதிமன்ற நோட்டீசைக்கூட ஏற்கவில்லை மனுஷன். கடைசியில் 2007ல் உச்ச நீதிமன்றமே நீக்கம் செல்லும் என்றது. நம்பிக்கை வாக்கெடுப்பன்று லஞ்சப் பணம் என்று நோட்டுக்கட்டுகளை அவைக்குள் தூக்கிக் காட்டினார்களே, அந்தக் களேபரத்திலும் வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால்?

செந்துண்டு:
திறமைசாலி இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? 2018 ஆகஸ்ட்ல அவர் இறந்தப்ப, உடம்புமேல கட்சிக்கொடி போர்த்த வேண்டாம்னு குடும்பம் சொல்லிடுச்சு. அந்தச் செய்தியைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைச்சது. அதுக்காக 2008ல செஞ்சது சரியாகிடாது.

வாய்தா:
யோசித்துவிட்டேன். 2004ல் விலகியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலகச் சொல்லிக் கட்சியும் அப்போது கேட்கவில்லையே? சபாநாயகர் நம்ம ஆள் என்று பெருமைதானே பட்டீர்கள்?

செந்துண்டு:
பட்டோம். அதுதான் இன்னும் வலிக்குது.