புதுப்பிப்பு: எஸ்ஐபி யூனிட் கணக்கு உதைத்த காரணம் கிடைத்தது

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரே தொகை போடும் முறை). தொகையை என்ஏவியால் (ஃபண்டின் ஒரு யூனிட்டின் அன்றைய விலை) வகுத்தால் வருவதைவிட ஸ்டேட்மென்டில் யூனிட் ஒரு துளி குறைகிறதே, என் எக்செல் தப்பா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

எக்செல் தப்பில்லை, நான்தான். 2020 ஜூலை 1 முதல் ஃபண்ட் வாங்கும்போது 0.005% ஸ்டாம்ப் டூட்டி உண்டு. 5,000-க்கு 25 பைசா, மீதி 4,999.75-க்குத்தான் யூனிட். என்ஏவி 50 என்றால் 100-க்குப் பதில் 99.995. இந்த 25 பைசாவுக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போனது!

அப்புறம், ரிலையன்ஸ் பங்குக்கு என் ஷீட் காட்டிய அந்த 'நஷ்டம்'. 2024 அக்டோபரில் வந்த 1:1 போனஸை (ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம்) நான் ஷீட்டில் ஏற்றவே இல்லை. பங்கு எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதும் சிவப்பு போய்விட்டது.

எக்ஸ்ஐஆர்ஆர் (பணம் போட்ட தேதிகளை வைத்துக் கணக்கிடும் ஆண்டு வருமான விகிதம்) மட்டும் இன்னும் செயலியோடு ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.