அக்காவின் விவாகரத்துத் தீர்ப்பு நகல், சான்டா கிளாரா கவுண்டி, கலிபோர்னியா

அக்காவின் விவாகரத்து அங்கே குடும்ப நீதிமன்றத்தில் 2008-ல் முடிந்தது. இப்போது கோவையில் மறுமணப் பதிவுக்குத் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல், அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டிலும் செல்ல அரசு தரும் சான்று), இரண்டும் வேண்டும். வழக்கு எண் கையில் இல்லை, அன்றைய வக்கீலும் தொழிலை விட்டுவிட்டார். கலிபோர்னியா மாநில சுகாதாரத் துறையை முதலில் பார்த்தேன், அங்கே 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்குத்தான் சான்று, அதுவும் தீர்ப்பு நகல் கிடையாது. ஆக கவுண்டி நீதிமன்றம்தான் ஒரே வழி. நகலுக்கு 15 டாலர், பெயரை வைத்துத் தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15. இருவர் பெயர், வழக்குப் போட்ட வருடம் 2007, எல்லாம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், ஆனால் டாலர் காசோலை எடுக்க இங்கே எங்கள் வங்கியில் வழியில்லை என்றார்கள், அங்கே நேரில் போய்க் கட்டவும் சொந்தக்காரர் யாருமில்லை. அக்கா தூக்கமில்லாமல் தவிக்கிறாள்.

இந்தியாவிலிருந்து தபாலில் கேட்டு இந்த நகலை வாங்கியவர்கள் கட்டணத்தை எப்படிக் கட்டினீர்கள்?