கிரிப் வேணும்னா சோல் தேயத்தான் செய்யுமா?

மண்ரோடு: ஷூ வாங்கி அஞ்சு மாசம் ஆகலை, குதிகால் பக்கம் வழவழன்னு ஆகிடுச்சு. கடைக்காரர் "பிடிமானம் நல்லா இருந்தா சீக்கிரம் தேயும் சார்"ங்கறார். சால்ஜாப்பு! கார் டயர் மழையிலயும் பிடிக்குது, பல்லாயிரம் கிலோமீட்டரும் ஓடுது. ஷூவுக்கு மட்டும் என்ன கேடு?

கலவைமில்: பாதி உண்மை. மெத்துன்னு இருக்கற ரப்பர் தரையோட சொரசொரப்புக்குள்ள இறங்கிக் கவ்வும். அதனாலயே பிஞ்சு தேயும். கார்பன் கருப்புங்கற கரித்தூள் சேர்த்தா உழைக்கும். சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கற பொருளோட தூள், சேர்த்தா ஈரத்துல பிடிக்கும். டயர்காரங்க 90கள்ல பிடிச்ச வழி அதுதான். ஆனா டயருக்குக் கனம் ஷூ அளவுக்குப் பொருட்டில்ல. ஷூவுல ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை.

மண்ரோடு: அப்போ கட்டை கட்டையா ஆழமா வார்க்கட்டும். 1971ல அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழக ஓட்டக் கோச் பில் பவர்மேன், கட்டம் கட்டமா வாஃபிள் சுடற வீட்டு அச்சுல யூரித்தேன்ங்கற ரப்பர் மாதிரிப் பொருளை ஊத்தித்தானே கட்டை சோலுக்கு வழி கண்டுபிடிச்சார்?

மரத்தரை: ஊத்தினார், அச்சு ஒட்டிக்கிட்டுத் திறக்கவே இல்ல, அதையும் சொல்லுங்க! அந்தக் கட்டை மண்ணுலயும் புல்லுலயும் குத்தி நிக்கும். எங்க பேட்மின்டன் கோர்ட்ல அதைப் போட்டு வந்தா வழுக்கும், தரையில படற பரப்பே குறைஞ்சுபோகும். எங்களுக்குத் தட்டையான கம் ரப்பர்தான், மெத்துன்னு ஒட்டிப் பிடிக்கற ரப்பர். அதைப் போட்டுட்டு டீக்கடை வரைக்கும் நடந்தாலே போச்சு, புழுதி ஏறி கிரிப் செத்துடும்.

மண்ரோடு: பள்ளமே வேண்டாம்ங்கறீங்களா?

மரத்தரை: தண்ணிக்கு வேணும். ஆழம் வேண்டாம், கீறல் போதும். தன் நாய் பனிக்கட்டி மேல வழுக்காம ஓடறதைப் பார்த்துட்டு பால் ஸ்பெரி சோல்ல மெல்லிசா கீறிவிட்டார். 1935ல வந்த படகு ஷூ அப்படிப் பொறந்ததுதான்.

கலவைமில்: மண்ரோடு அண்ணே, ஒண்ணு கேக்கறேன். வழக்கமா குதிகால்ல கெட்டியான கார்பன் ரப்பர், முன்பாதத்துல காத்து ஏத்தின லேசான ரப்பர் வைப்பாங்க. இப்போ கனம் குறைக்கறேன்னு நிறைய மாடல்ல அங்கங்க ரப்பரே இல்லாம, உள்ள மெத்தையா இருக்கற நுரையை (ஃபோம்) அப்படியே விட்டுடறாங்க. உங்களுது தேஞ்ச இடத்துல இருக்கறது ரப்பரா, நுரையா?

மண்ரோடு: திருப்பிப் பார்த்தேன். வெள்ளை நுரை. சோல்னு நினைச்ச இடத்துல சோலே இல்ல.

கலவைமில்: அதான். கிரிப்புக்காகத் தேயலை, எடைக்காகத் தேஞ்சிருக்கு.

மண்ரோடு: அப்போ கடைக்காரர் சொன்னது பொய்தானே? நான் முதல்லயே சொன்னேன்!